பீடமா, மேடையா? என் பக்கம் மேடை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"கிறிஸ்தவ ராப் கலைஞனுக்கு உரிய இடம் ஆலயப் பீடமா, ஊர் மேடையா?" இதுதான் இன்றைய தலைப்பு. பீடமே என்று பேசிய அண்ணன் மூன்று காரணம் சொன்னார். கர்த்தரைப் பாடுகிற பாட்டுக்கு டிக்கெட் போடக்கூடாது என்றார். அமெரிக்காவில் லெக்ரே என்ற பெரிய ராப் பாடகரே புகழ் வந்தபிறகு சபையை விட்டுப் போய்விட்டாரே என்றார். அப்புறம், ராப் தெருவில் பிறந்த இசை, சபையின் கண் பார்வையில் இருந்தால்தான் அது சுத்தமாக இருக்கும் என்றும் சொன்னார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் எனக்கு வசதியான வரிசையில்.

அண்ணன் லெக்ரேயின் கதையைப் பாதியில் இருந்து ஆரம்பித்தார். நான் முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் அது யார் பக்கம் பேசுகிறது என்று தெரியும்.

1979-ல் ஹூஸ்டனில் பிறந்தவர். அப்பா கூட இல்லை, அம்மா தனியாக வளர்த்தார், பாட்டிக்கு நல்ல விசுவாசம், பையனுக்கோ தெருவும் போதையும். 19 வயதில் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தில் மனம் திரும்புகிறார். சரி, அதன் பிறகு அவர் முதலில் எங்கே போய் ராப் பாடினார் தெரியுமா? குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களை அடைத்து வைத்திருக்கிற இடத்துக்குத் தன்னார்வலராகப் போய், அந்தப் பிள்ளைகள் முன்னால் பாடினார். தன்னைப் போலவே தெருவில் வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் அந்தப் பாட்டைக் கேட்ட விதத்தைப் பார்த்துத்தான் இதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டால் என்ன என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டு வேலை செய்வதை அவர் கண்ணால் கண்டது ஆராதனையில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வர முடியாதபடி பூட்டிப் போட்டிருந்த பிள்ளைகளிடம்.

2004-ல் நண்பர் பென் வாஷரோடு சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்குகிறார். அதே வருடம் முதல் ஆல்பம். 2008-ல் வந்த ரெபெல், அமெரிக்க இசை விற்பனையைக் கணக்கிடுகிற பில்போர்ட் பத்திரிகையின் காஸ்பல், அதாவது கிறிஸ்தவப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் போன முதல் கிறிஸ்தவ ஹிப்ஹாப் ஆல்பம். 2012-ல் கிராவிட்டி, அதற்கு அடுத்த வருடம் சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமி என்ற பெரிய இசை விருது. 2014-ல் அனாமலி, எல்லா வகை இசையும் சேர்ந்த பில்போர்டின் 200 ஆல்பம் பட்டியலிலும் காஸ்பல் பட்டியலிலும் ஒரே நேரத்தில் முதலிடம், அப்படி அதற்கு முன் எந்த ஆல்பமும் இருந்ததில்லை. அதாவது சபைக்காரர்களும் வாங்கினார்கள், சபை வாசலையே மிதிக்காதவர்களும் வாங்கினார்கள். பீடத்துக்குள்ளேயே நின்றிருந்தால் இதில் ஒரு பட்டியல்தான் கிடைத்திருக்கும். கிறிஸ்தவம் என் விசுவாசம், அது என் இசைக்கு ஒட்டுகிற வகைப்பெயர் அல்ல என்ற கருத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார், என் அணியின் வாதமும் அதுதான்.

இப்போது அண்ணன் சொன்ன அந்தப் 'போய்விட்டார்' விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் என்ற ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பினப் பையனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். தானும் கறுப்பினத்தவரான லெக்ரே அதைப் பற்றி வாய் திறந்தார். அதுவரை அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்த வெள்ளைக்காரக் கிறிஸ்தவ ரசிகர்களில் நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை, பாட்டு மட்டும் பாடு, இதெல்லாம் உனக்கு எதற்கு என்றார்கள். 2017-ல் அந்த வெள்ளை எவாஞ்சலிக்கல் வட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். விலகியது அந்த வட்டத்தை விட்டு, ஆண்டவரை விட்டு அல்ல. நடுவில் மனச்சோர்வு வந்தது, விசுவாசமே ஆட்டம் கண்டது, அதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், பேசியிருக்கிறார். அப்புறம் 2022-ல் இன்னொரு ஆல்பம் போட்டார், 2024-ல் கிறிஸ்தவ இசைப் பிரிவிலேயே இரண்டு கிராமி வாங்கினார். விட்டுப் போனவருக்கா அதைக் கொடுத்தார்கள்? அண்ணன் என்மேல் கோபப்படக் கூடாது, ஆனால் ஒரு மனிதனின் இருபது வருடப் பாட்டுவாழ்க்கையை, அவன் தடுமாறிய இரண்டு மூன்று வருடத்தை மட்டும் வைத்து எடை போடுவது நியாயம் இல்லை.

அமெரிக்கா போதும், நம்ம கடற்கரைக்கு வருகிறேன்.

நான் தமிழ் ஆசிரியை. நானே உள்நாட்டுக்காரி, சி.எஸ்.ஐ. குடும்பம், ஆனால் கொஞ்ச காலம் நம்ம குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்ததே, அப்போது அங்கேதான் இருந்தேன். அந்த வாரத்தை இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டாம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராகப் பெண்கள் கரையில் நின்ற நிற்பு எல்லாருக்கும் தெரியும். என் வகுப்பில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு, அவனுடைய மாமா திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவன் பேசுவது குறைந்துபோனது, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பான். நான் பிடுங்கிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவனே கொண்டுவந்து காட்டினான். இப்படி இருந்தது:

வள்ளம் வந்துச்சு, வலை வந்துச்சு, வலைய வீசுன கை வரல
பள்ளம் மேடுன்னு கடல் பொரண்டுச்சு, பாத்து நின்ன கண் மூடல
வள்ளத்துல தூங்குன ஆண்டவரே, அன்னைக்கு எழும்புன மாதிரி
அந்த ராத்திரி ஏன் எழும்பல?

புயலில் படகில் தூங்கிய இயேசு எழும்பிக் கடலை அடக்கிய வேதாகமக் கதையைத்தான் கடைசியில் சொல்கிறான். வள்ளம், பள்ளம் என்று எதுகை தானாக விழுந்திருக்கிறது பாருங்கள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஆங்கில ராப்பில் பெரும்பாலும் வரியின் கடைசியில் ஓசை ஒத்துப்போகும், நம்ம பாட்டில் வரியின் தொடக்கத்திலேயே அது ஒத்துப்போக முடியும், முடிவிலும் போட்டுக்கொள்ளலாம். தாளத்துக்கு ஓடுகிற மொழி தமிழ். ஃபோனில் ஒரு பீட்டைப் போட்டுக்கொண்டு அவன் இதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பெரியவனான பிறகு இதை ஆலயத்தில் பாடலாமா என்று கேட்டிருக்கிறான். பாடகர் குழுவில் வேண்டாம் என்றார்கள். எந்த ஆலயம் என்று சொல்லமாட்டேன், அது இங்கே தேவையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர்கள் வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அந்த நியாயம் என் அணிக்குத்தான் உதவும். ஆராதனைப் பாட்டு என்பது எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டு. எழுபது வயதுப் பாட்டியும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே மூச்சில் பாடவேண்டும், அதனால்தான் கீர்த்தனைக்குப் பல்லவி இருக்கிறது, அது திரும்பத் திரும்ப வருகிறது. ராப் அப்படி இல்லை. பதினாறு வரி, ஒரே ஆள், மூச்சு வாங்க நேரம் கிடையாது, அவன் வாழ்க்கையில் இருந்து அவனே சொல்லவேண்டியது. அது சாட்சி. சபையார் எல்லாரும் சேர்ந்து இன்னொருவனுடைய சாட்சியைச் சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும். அவனையும் அவன் மாமாவையும் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்தில் அதை வைத்தால்தான் அதற்கு உயிர்.

ஊர்த் திருவிழாவின் கடைசி இரவு, கடற்கரையில் போட்ட மேடையில், கலைநிகழ்ச்சிக்கு நடுவில் அவனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். திருப்பலி நேரத்திலும் வெளியே குருசடி என்கிற சிலுவைக் கோயில் பக்கம் நின்று பீடி குடித்துக்கொண்டிருக்கிற ஆண்கள் உண்டே, அவர்கள் மேடைப் பக்கமாக நடந்து வந்தார்கள். "ஏன் எழும்பல?" என்ற வரி வந்தபோது ஒரு பெரியவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கடவுளிடம் அப்படிக் கேட்கலாமா என்று எதிரணி கேட்கலாம். "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" 44-ஆம் சங்கீதம். கேட்டிருக்கிறார்கள், வேதத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஒக்கிக்குப் பிறகு ஆலயத்துக்குள்ளே கால் வைக்காத அந்தப் பெரியவர், ஒரு ஜெபம் சொல்லப்படுவதை அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார். அது மேடையில் சொல்லப்பட்டதால் கேட்டார்.

தெருவில் பிறந்த இசை என்று அண்ணன் சொன்னாரே, நம்ம வில்லுப்பாட்டு எங்கே பிறந்தது? சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடைவிழா நடக்கிற இடத்தில். வில்லில் வீசுகோல் விழும், குடம் அதிரும், தலைமைப் பாட்டுக்காரர் கதையைச் சொல்லச் சொல்ல கூட இருக்கிறவர் "ஆமா" போடுவார். ராப்பில் ஒருவர் பாடும்போது இன்னொருவர் வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாரே, அதே வேலைதான். ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு காந்தி கதை சொன்னார். நம்ம ஆலயத் திருவிழாக்களிலும் பைபிள் கதையை வில்லில் பாடிக் கேட்டவர்கள்தானே நாம். அதையும் பீடத்தில் பாடவில்லை, வெளியே பந்தலில் பாடினார்கள், விடிய விடிய ஊரே உட்கார்ந்து கேட்டது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி யாருடைய வடிவம்? கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய வடிவம், குறிசொல்லும் குறத்தி வருகிற வடிவம். அதை எடுத்து இயேசுவைப் பாடினார், அதனால் அது கெட்டுப்போகவில்லை.

அப்போஸ்தலர் பவுலையும் கொஞ்சம் பார்க்கலாம். ஏதென்ஸில் அவர் நின்ற இடத்துக்குத் தமிழ் வேதாகமத்தில் என்ன பெயர்? மார்ஸ் மேடை! நான் சொல்லவில்லை, அப்போஸ்தலர் 17 சொல்கிறது. அங்கே நின்று அவர் சங்கீதத்தைச் சொல்லவில்லை, "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று சொல்லி அவர்களுடைய கவிஞர்களின் வரியை எடுத்துப் பேசினார்.

கடைசியாக டிக்கெட். இதைத்தான் அண்ணன் ரொம்ப அழுத்திச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று உலகமே சொல்கிற நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு குடியிருப்பில், கூல் ஹெர்க் என்பவரின் தங்கை சிண்டி, பள்ளி திறக்கும்முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு விருந்து வைத்தாள், அண்ணன் இசைத்தட்டுப் போட்டான், நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பள்ளிக்கூடத் துணிக்காக வாங்கிய அந்தச் சில்லறையில் என்ன பாவம்? லெக்ரேயும் 2012-ல் சர்ச் க்ளோத்ஸ் என்ற தொகுப்பை முழுக்க இலவசமாகவே கொடுத்தார், இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். காசு வாங்கத் தெரிந்தவருக்குக் கொடுக்கவும் தெரிந்திருக்கிறது. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்", இது லூக்கா 10.

இன்னொன்று, இதைப் பாட்டு எழுதுகிற பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ல் நம்ம நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் தருகிற பணத்தில், விட்டுக்கொடுக்கவே முடியாத பங்கு உண்டு என்று எழுதினார்கள். ஆனால் அதே சட்டத்தில், உண்மையான மதச் சடங்கில் ஒரு பாட்டைப் பாடினால் அது உரிமை மீறல் ஆகாது என்றும் இருக்கிறது. அது சரிதான், ஆராதனையில் பாடுகிற பாட்டுக்கு யாரும் பில் போட வேண்டாம், நானே அதற்கு எதிரி. ஆனால் எதிரணி சொல்வதுபோல அந்தக் கலைஞனைப் பீடத்துக்குள் மட்டும் நிறுத்தினால், அவன் எழுதிய பாட்டில் இருந்து அவனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு ரூபாய் வர வழி இல்லை. மேடையில் பாடினால், பதிவு செய்து வெளியிட்டால் வரும். காணிக்கைத் தட்டில் போடக்கூட அவன் கையில் காசு வேண்டும் அல்லவா?

அந்தப் பையன் இப்போது மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறான். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் பத்து மணிக்கு வருவான், அதன் பிறகு எழுதுகிறான். ஸ்டுடியோவுக்குக் காசு சேர்த்து இதுவரை இரண்டு பாட்டுப் பதிவு செய்திருக்கிறான். மூன்றாவது பாட்டு அவன் மாமியைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கும் தவறாமல் போகிறான், அங்கே எல்லாரோடும் சேர்ந்து பாடுகிறான். போன வாரம் என்னிடம் ஃபோனில் கேட்டான், "டீச்சர், கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது மேடை கிடைக்குமா?" நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டார்கள், அமர்கிறேன். நன்றி.