பட்டா புத்தகத்தில் கையெழுத்திடுபவர்

[காட்சி: நள்ளிரவு கடந்த கடைத்தெரு. ஏ.டி.எம். கதவோரம் தொங்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம்.]

இதன் பெயர் பட்டா புத்தகம். ரோந்து வரும் காவலர் வந்த நேரத்தை எழுதி இதில் கையெழுத்திடுவார். பல இடங்களில் இப்போது க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்கிறார்கள். அந்தக் கையெழுத்து பெரும்பாலும் ஓர் இரண்டாம் நிலைக் காவலருடையது. தமிழகக் காவல்துறையின் முதல் படி அவர்தான்.

[காட்சி: மைதானம். ஓடும் இளைஞர்கள்.]

இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப்பிரிவினருக்கு வயது 18 முதல் 26 வரை. மற்றப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பெண்களுக்கு 159. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதிலும் சலுகை இருக்கிறது. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பிறகு கயிறு ஏறுதல், தாண்டுதல்.

எழுத்துத் தேர்வில் ஒரு பகுதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 80 மதிப்பெண் தமிழ்த் தாளில் 32 எடுக்காவிட்டால், முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வாசலில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு மூதாட்டி சொல்வதைப் பிசகாமல் எழுத, மொழி கைவசம் இருக்க வேண்டும் அல்லவா?

தேர்வானதும் நேரே காவல் நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி முடித்த பலர் முதலில் காவல்துறையின் ஆயுதப் படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோதான் போகிறார்கள்.

[காட்சி: நிலைய வாசல். துப்பாக்கியுடன் பாரா நிற்கும் காவலர்.]

நிலையத்துக்கு வந்தபின் பாரா, ரோந்து, திருவிழா பந்தோபஸ்து, சம்மன் கொண்டு சேர்த்தல், பிடியாணையை நிறைவேற்றுதல், நீதிமன்றப் பணி என்று நாள் ஓடிவிடும். வெளியே அதிகம் தெரியாத ஒரு வேலையும் உண்டு. விபத்தில் ஒருவர் இறந்தால், உடலோடு பிணவறைக்குப் போவது காவலர்தான். பிரேதப் பரிசோதனை முடியும்வரை காத்திருந்து, உடலை உறவினரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதும் அவரே. அந்த வீட்டார் அன்று பார்க்கும் அரசாங்கத்தின் முகம் அவர் முகம். அந்த நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதற்கு எந்த மைதானத்திலும் தேர்வு வைப்பதில்லை. பயிற்சியிலாவது இதற்கு நிறைய நேரம் ஒதுக்க வேண்டும்.

[காட்சி: புகார் மனுவுடன் ஒரு பெண்.]

முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யும் பொறுப்பு நிலைய அதிகாரியுடையது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால், சம்பவம் வேறு நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிந்தாக வேண்டும். “எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது. நகலும் உங்களுக்கு இலவசம். சாட்சி விசாரணை என்றால், பெண்களையும் 15 வயதுக்கு உட்பட்டோரையும் 60 வயதைக் கடந்தோரையும் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும்.

[காட்சி: விடியல். சைக்கிளில் பால்காரர்.]

2021-இல் தமிழக அரசு, காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று ஆணையிட்டது. பந்தோபஸ்து எவ்வளவு குவிந்தாலும் அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அன்று இந்தப் பட்டா புத்தகத்தில் வேறொருவர் கையெழுத்து இருக்கட்டும்.