நீங்க எங்க சாப்பிடுவீங்க?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயில் தாழ்ந்ததும் வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் காரைக்குடிப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘குடிவந்த தெருவில் நல்ல காலைப் பலகாரக் கடையைக் காட்டுவது கைப்பேசியா, ஊர்க்காரர் வாயா?’ இதுதான் தலைப்பு. ஊர்க்காரர் வாய்தான் என்று பேச நிற்கிறேன். அணி பிரித்தபோது நானாகக் கேட்டு வாங்கிய பக்கம் இது.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒரு கடைக்கு ஒரு படம் போதும்” என்றார். “ஆயிரம் பேர் கூடிச் சொன்ன தீர்ப்பு பெரிதா, ஒரே ஒரு ஆட்டோக்காரர் சொன்னது பெரிதா?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த சகோதரி, “விடியற்காலையில் தனியாக பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒரு பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?” என்றார். மூன்றில் கனமான கேள்வி சகோதரியுடையது. நானும் அப்படி இறங்கியவள்தான். அதனால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூட ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தேன். கழனிவாசலில் மாடியில் ஒற்றை அறை. அடுப்பு வைக்க இடமில்லை. ராத்திரிக்குப் பழமும் பாலும் போதும். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஓடிவிடும். காலைக்கு வெளியேதான் சாப்பிட வேண்டும். ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகள் முன்னால் நின்று நாலு பாடவேளை தொண்டை கிழியப் பேசுகிறவளுக்குக் காலைச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அறைக்குக் குடிவந்த மறுநாள் காலை நானும் கைப்பேசியைத்தான் எடுத்தேன். நாலரை நட்சத்திரம் போட்ட ஒரு ஹோட்டல் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏழு மணிக்குப் போனேன். இட்லி ஆறியிருந்தது. சாம்பாரில் முந்தின நாள் வாடை. பக்கத்து மேசையும் காலி, அடுத்த மேசையும் காலி. திரும்பி வந்து, அந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதியதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். புரோட்டா அருமை, நாட்டுக்கோழி அருமை, குடும்பத்தோடு ராத்திரி போனோம், கார் நிறுத்த இடம் இருக்கிறது. எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு விழுந்த நட்சத்திரம்! ஒரே கடைக்கு ஒரே மதிப்பெண். காலையில் அந்த அடுப்பில் நிற்கிறவர் வேறு ஆள், மாவு வேறு, வருகிற கூட்டம் வேறு. நான் கணக்குப் பரீட்சைக்கும் தமிழ்ப் பரீட்சைக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டு அனுப்பினால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

ஒரு சோறு பதம் என்பது ஒரு பானைக்குத்தான், ஐயா. பலகாரக் கடையில் தினமும் புதுப் பானை. நேற்று சாயந்தரம் ஆட்டிய மாவு ராத்திரி முழுக்கப் பொங்கி, காலையில் இட்லியாகிறது. சித்திரை வெயிலில் அந்த மாவு ஒன்பது மணிக்கெல்லாம் புளித்துவிடும். மார்கழியில் விடிந்தும் எழும்பாது. போன மாசியில் எடுத்த படம் இன்றைக்கு மாவு எழும்பியதா இல்லையா என்று எனக்குச் சொல்லுமா? பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் ஒரு அம்மா சொல்லுவார்: “இன்னிக்கு இட்லி கல்லு மாதிரி இருக்கு ஆத்தா, இடியாப்பம் வாங்கிக்க.”

அந்த அம்மாவுக்கு முன்னால் ஆட்டோக்காரர் கதையைச் சொல்ல வேண்டும், நான் பேச வந்ததே அதுதான்.

ஆறின இட்லி சாப்பிட்டதற்கு அடுத்த நாள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். “அண்ணே, இங்க காலைல டிபன் எங்க நல்லா இருக்கும்?” அவர் என் புடவையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் பெயரைச் சொன்னார். அது நேற்று நான் ஆறின இட்லி சாப்பிட்ட அதே கடை! அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வி தப்பு. ‘எங்கே நல்லா இருக்கும்’ என்று கேட்டால், கேட்கிறவருடைய தகுதிக்கு எது பொருத்தம் என்று யோசித்து மரியாதையாக ஒரு பதில் சொல்கிறார்கள். நம்மை விருந்தாளியாக நினைத்துச் சொல்லும் பதில் அது. மறுநாள் கேள்வியை மாற்றினேன். “அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?”

அவர் முகம் மாறியது. “நாங்களா டீச்சர்? பல்லவனுக்கு ஆள் ஏத்தி விட்டுட்டு வந்து ஆச்சி கடையிலதான். உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல. உள் சந்து. போர்டெல்லாம் கிடையாது.”

பல்லவன் எக்ஸ்பிரஸ் நம்ம ஊரிலிருந்து விடியுமுன்னே சென்னைக்குக் கிளம்புகிற ரயில் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஆள் கொண்டுபோய் விட்டு, பசியோடு திரும்புகிறவர் தினம் எந்த வாசலில் வண்டியை நிறுத்துகிறாரோ, அதை விடப் பெரிய சான்றிதழ் உண்டா? ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறார்கள். இவர் ஒரே ஆள், ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறார். எதிரணித் தலைவர் எண்ணிக்கையைச் சொன்னார். எதை எண்ணுவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

போனேன். பெரிய வீடு ஒன்றின் பக்கவாட்டுச் சந்து. ஒரு திண்ணை, இரண்டு பெஞ்சு, உள்ளே அடுப்பு. ஆச்சிக்கு எழுபது வயது இருக்கும். நான் போனபோது மணி எட்டு நாற்பது. நிமிர்ந்து பார்த்தார். “இப்ப வந்தா என்ன ஆத்தா இருக்கும்? பணியாரம் ஆயிருச்சு. நாளைக்கு ஏழுக்குள்ள வா.” அன்றைக்கு இடியாப்பமும் அடிப்பாத்திரத்தில் மிஞ்சியிருந்த கத்தரிக்காய்க் கோசமல்லியும் போட்டார். எனக்கு அந்த ருசியே போதுமானதாக இருந்தது. ஆனாலும் ‘பணியாரம் ஆயிருச்சு’ என்ற சொல் மனசில் நின்றது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு அங்கே இருந்தேன். வெள்ளைப் பணியாரம். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு உழக்கில் பச்சரிசியை அளந்து, அதன் தலைமேல் உளுந்தைக் கோபுரமாக வைத்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் விட வேண்டும். அடியில் போனது உப்பிக்கொண்டு மேலே வரும். ஓரம் பூப்போல விரியும். சிவக்க விடாமல் வெள்ளையாகவே எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

இதில் நம் வழக்குக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இட்லி மாவு காத்திருக்கும், இந்த மாவு காத்திருக்காது. புளித்தால் எண்ணெய் குடிக்கும். அதனால் விடியுமுன் ஆட்டி, எட்டு, எட்டரைக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும் என்பதால் ஆச்சியால் ஒரு காலையில் ஊற்ற முடிவதும் கொஞ்சம்தான். அந்தத் தெருவுக்கே அது சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் தூக்குவாளியோடு வருகிறான், எதிர் வீட்டம்மா கிண்ணத்தில் துவையல் வாங்கிப் போகிறார். சொந்தச் சமையலறை உள்ளவர்களே வந்து வாங்குகிறார்கள் என்றால் அந்தக் கடையைப் பற்றி வேறு என்ன விசாரிக்க வேண்டும்? நான் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் வாசலில் தூக்குவாளி நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன். ஆச்சிக்குப் போர்டு வேண்டாம், அதனால் போர்டு இல்லை. போர்டு இல்லாததால் கைப்பேசியிலும் இல்லை. இந்த ஊரின் நல்ல காலைப் பலகாரத்தில் பாதி இப்படிச் சந்துக்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

“அதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு, வந்தவருக்கு யார் சொல்வார்?” என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஐயா, இந்த ஊர் வந்தவர்களுக்கும் சேர்த்து வளர்ந்த ஊர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தார். 1953-இல் அது திறந்த நாளிலிருந்து வடக்கேயும் கிழக்கேயும் இருந்து விஞ்ஞானிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் கேட்டு இடியாப்பம் சாப்பிட்டார்கள்? பல்கலைக்கழகத்துக்கு வருகிற பிள்ளைகள் இன்றைக்கும் மூத்த மாணவர்களைக் கேட்டுத்தான் கடை பிடிக்கிறார்கள். இந்த மண்ணில் கவுனி என்கிற கறுப்பரிசி எப்படி வந்தது? பர்மாவுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் அங்கே சாப்பிட்டு, பிடித்துப்போய், கொண்டுவந்து வீட்டுப் பெண்களிடம் சொன்னார்கள். ராத்திரி ஊறவைத்துக் காலையில் வேகவைத்து, தேங்காயும் சர்க்கரையும் போட்டு அது இன்று செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் இனிப்பாக நிற்கிறது. ஒருவர் சாப்பிட்டு ஒருவரிடம் சொன்னதுதான் அத்தனைக்கும் வேர்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. இனி புதுத் தெருக்கள் வரும், புதுக் குடித்தனங்கள் வரும். என்னைப்போல அடுப்பில்லாத அறையில் தங்குகிறவர்கள் அதிகம் வருவார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய முதல் காரணம் ஒரு இட்லிக் கடையாக இருக்கட்டுமே! எனக்கு அப்படித்தான் இருந்தது.

இப்போது சகோதரியின் கேள்வி. விடியற்காலையில் தனியாக இறங்குகிற பெண். சகோதரி, நான் மாற்றலாகி வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஐந்து. நெஞ்சு படபடத்தது, மறைக்கவில்லை. கையில் கைப்பேசி இருந்தது, வழி பார்க்கவும் வீட்டுக்குப் பேசவும் அது உதவியது. அதை வேண்டாம் என்று நான் எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது என் முன்னால் இருந்தவர்கள் யார்? தெரு கூட்டி முடித்து டீ குடிக்கும் பெண்கள். கூடையை இறக்கி வைத்துப் பூக்கட்டத் தொடங்கிய ஒரு அம்மா. இரவு வேலை முடித்து வீட்டுக்கு பஸ் பார்த்து நின்ற நர்ஸ் இரண்டு பேர். ஊர் எழுந்திருக்கிற அந்த நேரத்தில் வெளியே நிற்பவர்களில் பெண்கள் அதிகம், அதுவும் உழைக்கிற பெண்கள். அவர்களுக்குப் பசி தெரியும், எந்த டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதும் தெரியும். அது எந்த நட்சத்திரத்திலும் எழுதியிருக்காது. அந்தப் பூக்கட்டும் அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். கைகாட்டிய கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை. சுமார்தான்.

மறுநாள் அந்த வழியாகப் போனபோது அவரே கூப்பிட்டார். “சாப்பிட்டியா ஆத்தா? எப்படி இருந்துச்சு?” சுமார்தான் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அடடா, அவன் மாஸ்டர் மாறிட்டான் போலருக்கு. நான் கேட்டு வைக்கிறேன்.” கேட்டும் வைத்தார். அதற்குப் பிறகு தினம் ஒரு தகவல். அமாவாசையன்று எந்தக் கடை லீவு, எந்தக் கடையில் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள், எங்கே வெள்ளிக்கிழமை மட்டும் கந்தரப்பம்.

நடுவர் அவர்களே, அந்த ஹோட்டலுக்கு நாலரை நட்சத்திரம் போட்டவர்கள் யாரும் மறுநாள் என்னைப் பார்க்கப் போவதில்லை. ஆறின இட்லியை நான் தின்றது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த அம்மா மறுநாளும் என் முகத்தில் முழிக்க வேண்டும். சொன்ன சொல் தப்பாகப் போனால் அவருக்கு வருத்தம் வருகிறது, போய் விசாரிக்கிறார், திருத்திச் சொல்கிறார். நான் ஊர்க்காரர் வாயை நம்புவது அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. தப்பாகச் சொன்னால் அவர்களுக்குக் கேட்கிறது, அதனால்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம். நீங்கள் மதுரையிலிருந்து வந்து ராத்திரி லாட்ஜில் தங்குகிறீர்கள் என்று விழாக் குழுவினர் சொன்னார்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, நாளைக் காலை ஆறரைக்கு ஆட்டோ அண்ணனோடு வாசலில் நிற்கிறேன். எதிரணித் தலைவரும் சகோதரியும் வாருங்கள். முதல் ஈட்டுக்கு எண்ணெய் காய்ந்திருக்காது, இரண்டாவது ஈடுதான் பதம். அதற்கு நாம் ஏழுக்குள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வணக்கம்.