எங்கே, ஒரு தடவை இருமுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் என்றுதான் எங்களைப் பலர் நினைக்கிறார்கள். கண் விழித்த பிறகு வரும் வலியும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் மார்பைப் பக்கவாட்டில் நீளமாகத் திறந்து, விலா எலும்புகளை விரித்துத்தான் அறுவை செய்தார்கள். 1990களிலிருந்து கேமராவை உள்ளே விட்டு, சில சிறு துளைகள் வழியாகவே கட்டி இருக்கும் பகுதியை எடுக்கும் முறை பரவியது. வலி முன்பைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் "துளை சின்னது, வலியும் சின்னதாகத்தான் இருக்கும்" என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

நுரையீரலின் சதைக்கு வலி தெரியாது. நோய் சத்தமில்லாமல் வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். வலியெல்லாம் மார்புச் சுவரில். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. இரண்டு விலாக்களுக்கு நடுவே நுழைந்த கருவியை அப்படியும் இப்படியும் சாய்க்கும்போது அந்த நரம்பு நசுங்குகிறது. அப்புறம், காற்றும் நீரும் வெளியேற ஒரு டியூப் செருகியிருப்பார்கள். தையலைவிட அந்த டியூப்பைத்தான் நோயாளிகள் அதிகம் திட்டுவார்கள். சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். தோளில் யாரும் கை வைக்கவே இல்லையே என்று குழம்புவார்கள். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் பக்கம் ஏற்படும் உறுத்தலை மூளை தோள் வலியாக எடுத்துக்கொள்வதுதான் விஷயம்.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அறுவை முடிந்த மறுநாள் காலை, கட்டிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வலி எப்படி இருக்கு ஐயா?"

"ஒண்ணும் இல்லை டாக்டர்."

"எங்கே, ஒரு தடவை இருமுங்கள்."

கை சட்டென்று விலாவுக்குப் போனது. இருமல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேலோட்டமாக மூச்சுவிட்டு வலியை ஏமாற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இப்படியே இரண்டு நாள் போனால் சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியாவுக்கு வழி திறந்துவிடும். அதனால்தான் சும்மா படுத்திருப்பவரிடம் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வலி மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை.

சரி, என்ன செய்கிறோம்? மயக்கத்தில் இருக்கும்போதே, முதுகெலும்பை ஒட்டி அந்த நரம்புகள் கிளம்பும் இடத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறோம். ஊசி முனை போவதை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே போடலாம். ஒரு தடவை போட்டால் சில மணி நேரம் தாங்கும். அது விடுவதற்குள் பாராசிட்டமாலைத் தொடங்கி, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் கூடவே வேறொரு வலி மாத்திரையும் சேர்ப்போம். மார்ஃபின் கையிருப்பு மாதிரி, மீறி வரும் வலிக்கு. அடிமையாகிவிடுவோமோ என்று அதைக் கண்டு பயப்படுகிறார்கள். மேற்பார்வையில் சில நாள், அளவோடு கொடுப்பதில் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். என் கவலை வேறு: குமட்டல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம். அளவு கூடினால் மூச்சே மந்தமாகிவிடும்.

பெரியவருக்கு மருந்தைக் கூட்டினோம். முக்கால் மணி கழித்து, தலையணையை மடித்து விலாவோடு அணைத்துக்கொண்டு இருமினார். கட்டிச் சளி வெளியே வந்தது. அன்று மாலையே டியூப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.

இன்னொன்று. காயம் ஆறி மூன்று மாதம் ஆன பிறகும் சிலருக்குச் சட்டை உரசினாலே எரியும், மார்பின் ஒரு பட்டை மரத்துக் கிடக்கும். நோய் திரும்பிவிட்டதோ என்று உள்ளுக்குள்ளேயே மருகுவார்கள். பெரும்பாலும் அது நசுங்கிய நரம்பின் வேலை. சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது, நரம்பு வலிக்கென்றே வேறு மருந்துகள் இருக்கின்றன. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஸ்கேன் முடிவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள், சட்டை உரசினால் எரிகிறது என்பதையும் சொல்லுங்கள். வணக்கம்.