குவாட்டரை அளக்கத் தெரிந்த ஆலோசகர் வேண்டும்

(உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி நாமக்கல்லில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட லாரித் தொழில் பெரியவர்களே (போன வருஷம் மைக் செட்டும் நீங்கள்தான் தந்தீர்கள், மறக்கவில்லை), பெயர் சொல்ல விரும்பாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். போர்த்திவிட்டீர்கள். சரி, டிசம்பர் மாசம், குளிருக்கு ஆகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, எச்.ஐ.வி தொற்றும் குடிப்பழக்கமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு மனநல ஆலோசனையை நம் மக்களுக்கு ஏற்றபடி எப்படித் தருவது என்பது. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று அளவு. இரண்டு குடும்பம். மூன்று பெண்கள். மூன்றுக்கும் என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்றே போதும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தத் தொற்று இந்தியாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். 2004இல் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில், வைரஸை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து இலவசமாக வந்தது. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. மருந்து வந்துவிட்டது. அதை விடாமல் போட வைக்கிற பேச்சுதான் இன்னும் சரியாக வரவில்லை. மணிப்பூரில் ஊசிப் போதை வழியாகப் பரவியது. அங்கே சுத்தமான ஊசி கொடுத்தார்கள், ஊசிப் போதைக்கு மாற்றாக நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் ஊசியைவிடப் பாட்டில்தான் அதிகம். அங்கே ஆலோசகர்களுக்கு எழுதிய பயிற்சிக் குறிப்பை அப்படியே இங்கே இறக்கினால் எடுபடுமா?

ஒரு லாரி டிரைவர் கதை சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எச்.ஐ.வி சோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்துக்கு, பயிற்சி முடித்து அன்றுதான் வந்த ஆலோசகர் பெண் அவரிடம் படிவத்தை விரிக்கிறார். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த பத்துக் கேள்விப் படிவம். "குடிக்கிற அன்னிக்கு எத்தனை டிரிங்க் எடுப்பீங்க அண்ணா?" "ஒண்ணுதானுங்க அம்மிணி." அந்தப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். பக்கத்து மேஜையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கும் மூத்த ஆலோசகர் தலையைக்கூடத் தூக்காமல் கேட்டார்: "ஒண்ணுன்னா குவாட்டருங்களா, ஆஃபுங்களா?" "ஆஃபுங்க. லோடு எறக்குன அன்னிக்கு மட்டும் ஃபுல்லுங்க."

அந்தப் படிவத்தில் ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் குவாட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. ஆஃப் என்றால் 120ஐத் தாண்டும். தாளில் ஒன்று, வயிற்றுக்குள் பன்னிரண்டு! அதனால்தான் சொல்கிறேன், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

கதை முடியவில்லை. மூத்தவர் அடுத்து கேட்டார்: "அன்னிக்கு மாத்திரை?" டிரைவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதெப்படிங்க போடுறது? தண்ணி மேல மாத்திரை போட்டா ஈரல் வெந்துரும்னு இங்கதானுங்க சொன்னாங்க!" நாம் குடியை விடச் சொல்லிப் பயமுறுத்தினோம். அவர் மாத்திரையை விட்டுவிட்டார். இப்படிக் குடிக்கிற நாளில் மாத்திரையைத் தள்ளிவைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மருந்து அடிக்கடி தவறினால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும். மூத்தவர் சொன்னது இதுதான்: "குடிச்சிருந்தாலும் மாத்திரையை விடாதீங்க. குடியப் பத்தி அடுத்த தடவ பேசிக்கலாம்."

கார்த்திகை பிறந்தது. "மாலை போடப் போறேனுங்க, நாப்பத்தோரு நாளு தொட மாட்டேன்" என்று வந்து நின்றார். பக்தி விஷயம், நமக்கென்ன என்று அனுப்பியிருக்கலாம். அந்த மூத்த ஆலோசகர் அம்மா முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அத்தனை குடிக்கிறவர் திடுமென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும், உயிருக்கே ஆபத்து. அதற்கு மருந்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேச உட்கார்ந்தார். பேசியதும் மாலை போட்ட நாட்களைப் பற்றி இல்லை, மாலை கழற்றும் இரவைப் பற்றி. உங்களில் பலருக்கு அந்த இரவு தெரியும், சிரிக்காதீர்கள். டிரைவர் சம்மதத்தோடு குருசாமியிடமும் பேசினார். குடியைப் பற்றி மட்டும். தொற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டம். மலையிலிருந்து இறங்கிய பிறகும் சாயங்காலம் பஜனை மடத்துக்கு வரச் சொல்லிவிட்டார் குருசாமி. அண்ணன் இப்போதும் எப்போதாவது வழுக்குகிறார். ஆனால் மாத்திரை தவறவில்லை. வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. (கைதட்டல்)

இரண்டாவது, குடும்பம். போதை மீட்பு வார்டில் "வீட்டாளுங்களைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். எச்.ஐ.வி அறையில் கதவைச் சாத்து என்பார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் நோயாளி ஒரே ஆள். பஸ் செலவு கொடுத்துக் கூட்டி வந்த மச்சானை "வெளியே இருங்க" என்று சொன்னால் அந்தச் சொல்லே ஊருக்குச் செய்தியாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் குடிப் பேச்சை எல்லோரோடும் பேசி முடித்துவிட்டு, "எடை பார்க்கணும்" என்று அவரை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது பெண்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும், முதல்வர் அம்மா ஏற்பாடு செய்வார்கள்.

நான் வந்ததே அடுத்த விஷயத்துக்குத்தான். தலையைத் தூக்காமல் "குவாட்டரா, ஆஃபா" என்று கேட்டாரே, அவர் ஒப்பந்த ஊழியர். குருசாமியின் பேச்சு யார் காதில் ஏறும், எந்த மச்சான் வாயை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் பயிற்சிக் கையேட்டில் வராது; அந்த நாற்காலியில் வருஷக் கணக்கில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அவரைப் போன்றவர்கள் ஒப்பந்தம் நீளுமா என்று பயந்து பயந்து, கடைசியில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலைக்குப் போகிறார்கள். மறுநாள் புதுப் பெண் வந்து முதல் கட்டத்தில் டிக் அடிக்கிறார். ஆலோசகர் சம்பளத்தை மட்டும் அரசாங்கம் எவ்வளவு கவனமாக அளந்து போடுகிறது பாருங்கள்! 2003 முதல் டாஸ்மாக் கடையை அரசே நடத்துகிறது. அந்த வருமானத்திலிருந்து ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்துக்கும் நிரந்தரமாக ஒரு குடி மீட்பு ஆலோசகரைப் போடட்டும், இப்போது இருப்பவர்களையும் நிரந்தரமாக்கட்டும்.

இதைக் கேட்கும் மனு வாசலில், காபி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். மருந்து பற்றியோ தொற்று பற்றியோ சந்தேகம் இருந்தால் 1097க்குக் கூப்பிடுங்கள், இலவசம், பெயர் கேட்க மாட்டார்கள். மனுவின் முதல் படியை ஆட்சியர் அவர்களிடம் இப்போதே கொடுக்கிறேன். ஐயா, வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.