தேதியே குடும்பப் பெயரான கதை

(திரை: வெள்ளைத் தாளில் தூரிகையால் எழுதிய நான்கு ஜப்பானிய எழுத்துகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன.)

இந்த நாலு எழுத்தையும் கொஞ்சம் பாருங்கள். முதல் எழுத்துக்குப் பொருள் நான்கு. அடுத்தது மாதம். அப்புறம் ஒன்று. கடைசியில் நாள். சேர்த்துப் பார்த்தால், நான்காம் மாதம் முதல் நாள். காலண்டரில் இருக்க வேண்டிய தேதி. ஆனால் ஜப்பானில் இது ஒரு குடும்பப் பெயர். சில வீடுகளின் வாசலில் இப்படித்தான் எழுதியிருக்கும்.

இதை எப்படி வாசிப்பார்கள் தெரியுமா? 'வத்தானுக்கி'. இந்த ஒலியில் நான்கும் இல்லை, மாதமும் இல்லை, நாளும் இல்லை. 'வத்தா' என்றால் பஞ்சு. 'நுக்கி' என்றால் உருவி எடுப்பது. எழுத்து தேதியைச் சொல்கிறது, வாய் பஞ்சைச் சொல்கிறது.

(திரை: பஞ்சு வைத்துத் தைத்த பழைய கிமோனோ. ஒரு கை தையலைப் பிரிக்கிறது.)

அந்தக் காலத்தில் ஜப்பானியர்கள் குளிருக்காகத் துணிகளுக்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்து உடுத்தினார்கள். குளிர் போனதும் தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு, அதே உடையை வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த வேலைக்கென்று ஒரு நாள் இருந்தது. பழைய சந்திர நாள்காட்டியில் நான்காம் மாதம் முதல் நாள். அந்தத் தேதியைச் சொன்னாலே பஞ்சு எடுக்கும் வேலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால் தேதியை எழுதி, 'பஞ்சு எடுப்பு' என்று வாசித்தார்கள்.

தமிழில் இது முடியாது. நாம் எழுதியதை அப்படியே வாசிக்கிறோம். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன எழுத்துகள் வேறு வகை. அவை முதலில் பொருளைக் காட்டும், ஒலியைப் பழக்கம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஜப்பானின் அபூர்வமான குடும்பப் பெயர்கள் பல அந்த இடைவெளியில் பிறந்த விடுகதைகள்.

இன்னொன்று கேட்கிறேன், விடை சொல்லிப் பாருங்கள். சின்ன, பறவை, விளையாட்டு. மூன்று எழுத்து. சின்னப் பறவைகள் பயமில்லாமல் விளையாடுகின்றன என்றால், அங்கே எது இல்லை?

(திரை: 3 நொடி அமைதி. வெறும் வானம்.)

பருந்து இல்லை. பெயர் 'தாக்கானாஷி'. 'தாக்கா' என்றால் பருந்து இனம், 'நாஷி' என்றால் இல்லை. இதே வழியில் நிலா, பார்வை, ஊர் என்று எழுதி 'யாமானாஷி' என்று வாசிக்கும் பெயரும் உண்டு. 'யாமா' என்றால் மலை. மலை மறைக்காத ஊரில்தானே நிலாவை நன்றாகப் பார்க்க முடியும்! எட்டாம் மாதம் முதல் நாளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, 'ஹோசுமி'. நெற்கதிர் கொய்வது என்று பொருள். அந்தச் சமயத்தில் புதுக்கதிரைக் கொய்து தெய்வத்துக்குப் படைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'த்சுயுரி'. செஸ்ட்நட் என்ற கொட்டை மரம், பூ, விழுதல் என்று மூன்று எழுத்து. ஒலியின் பொருள் வேறு: மழைக்காலம் தொடங்குவது. செஸ்ட்நட் பூக்கள் உதிரும் ஜூன் மாதத்தில்தான் அங்கே மழைக்காலம் பிறக்கும். இந்தப் பெயருக்கு கோபே நகரப் பக்கத்தில் ஒரு கதையும் சொல்கிறார்கள். உயர்குலத்துப் பெண் ஒருத்தி சாதாரண ஆள் ஒருவனை மணந்து அவன் ஊருக்கு வந்தாள், சீக்கிரமே இறந்துபோனாள். அவளை நினைத்துக் கோயில் கட்டிய இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் செஸ்ட்நட் பூ விழும் நேரத்தில் ஊற்று சுரந்ததாம். கதைதான். ஆனாலும் ஒரு பருவத்தையே பெயராக வைத்துக்கொண்ட குடும்பத்தை நினைத்தால் மனசு நிறைந்துவிடுகிறது.

(திரை: பழைய பதிவேட்டின் பக்கங்கள் புரள்கின்றன.)

சரி, எல்லோருக்கும் எப்போது குடும்பப் பெயர் வந்தது? சாமுராய் ஆட்சிக் காலத்தில் அதை வெளிப்படையாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் மேல்தட்டினரின் உரிமை. 1870இல், அந்த ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு சாதாரண மக்களுக்கும் அனுமதி கொடுத்தது. மக்கள் அவ்வளவாக அசையவில்லை. வரி வாங்கவும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் யார் யாரென்று தெரிய வேண்டுமே, அதனால் 1875இல் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். விவசாயிகள் எல்லோரும் அன்றுதான் அவசர அவசரமாகப் பெயர் கண்டுபிடித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஊருக்குள் புழங்கிய பெயர் பலருக்கு முன்பே இருந்தது, அரசாங்கக் காகிதத்தில்தான் இல்லை.

தொயாமா மாநிலத்தில் ஷின்மினாத்தோ என்று ஒரு துறைமுகம். கப்பல் வியாபாரம் செழித்த ஊர். அங்கே கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரில் கடையைக் குறிக்கும் 'யா'வை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பதிந்துகொண்டார்கள். அரிசிக் கடைக்காரர் குடும்பம் 'கோமே' ஆனது, அதாவது அரிசி. காடி விற்றவர் 'சு', வெறும் காடி. மிட்டாய்க் கடைக்காரர் 'அமே'. நம் ஊர்களில் எண்ணெய்க்கடை வீடு, மிட்டாய்க்கடை வீடு என்று சொல்வோமே, அதைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிவிட்ட மாதிரி.

இப்படிச் சேர்ந்து ஜப்பானில் 1,00,000க்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அடுத்த வீடான கொரியாவில் கிம், லீ, பார்க் என்ற மூன்றே பெயர்கள் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

(திரை: ஒரு திருமணப் பதிவுப் படிவம்.)

ஆனால் இந்த விடுகதைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானியக் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயர் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நடப்பில் 100 ஜோடிகளில் சுமார் 95 ஜோடி கணவன் பெயரை எடுக்கிறது. 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. விருப்பப்பட்டவர்கள் அவரவர் பெயரோடு இருக்கட்டுமே.

தொஹோகு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார். சட்டம் மாறாமல், இதே போக்கு தொடர்ந்தால், 2531இல் ஜப்பானியர் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான் மிஞ்சும்: இப்போதே முதலிடத்தில் இருக்கும் 'சாத்தோ'. சில அனுமானங்களை வைத்துப் போட்ட கணக்கு அது, அப்படியே நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அபூர்வமான பெயர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கப்போவதில்லை. மகள் மட்டும் உள்ள சில குடும்பங்கள் மருமகனையே தத்து எடுத்துத் தங்கள் பெயரைக் கொடுக்கின்றன, பழைய வழக்கம் அது. எல்லா வீட்டிலும் அது நடப்பதில்லை.

இந்தப் படிவத்தைப் பாருங்கள். கணவன் பெயர், மனைவி பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. ஒரே மகள் உள்ள ஒரு வத்தானுக்கி வீட்டில் அந்தப் பெண்ணின் கல்யாணத்தன்று முதல் கட்டத்தில் டிக் விழுந்தால், அந்த வீட்டில் பஞ்செடுக்கும் நாளைப் பெயராகச் சொல்ல அடுத்து ஆளில்லை.

(திரை: முதலில் பார்த்த நான்கு எழுத்துகள். அப்படியே நிற்கின்றன.)