வெள்ளைப் பணியாரமும் நீலக் கடிதமும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். வளரிளம் பிள்ளைகளுக்கு இணையவழி மனநல ஆலோசனை துணையா, வெறும் தோற்றமா என்பது தலைப்பு. துணைதான் என்பது என் கட்சி.

எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லாமல் எப்படி நகர்வது? "வெள்ளைப் பணியாரத்தை வீடியோ காலில் காட்டினால் வயிறு நிறையுமா? செல்லில் சொல்லும் ஆறுதலும் அப்படித்தான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டில் வந்து கேட்கலாமா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும் வரை, இந்த ஊர்களில் குடும்பம் எதை வைத்து ஓடியது? கடிதத்தை வைத்துத்தானே? என் ஆத்தாவுக்குக் கல்யாணமானபோது வயது 17. ஆறே மாதத்தில் அப்பச்சி, என் அப்பாதான், நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் வந்ததெல்லாம் நீல நிற ஏர்மெயில் தாள்தான். மடித்து ஒட்டுகிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். இன்றைக்கும் அவை பெட்டகத்தில் இருக்கின்றன. மடிப்பெல்லாம் இற்றுப்போய், பின்னால் சோற்றுப் பருக்கை வைத்துத் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. எத்தனை தரம் பிரித்துப் படித்திருந்தால் ஒரு தாள் அப்படி இற்றுப்போகும்? பணியாரம் கடல் தாண்டாது அண்ணே. சொல் தாண்டும். தாண்டி வந்து இங்கே பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, இந்தக் காலத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகளின் கதை இது. அவளே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். பிளஸ் டூ படித்தபோது அவளுக்கும் அதே 17 வயது. தூக்கம் போய்விட்டது. வினாத்தாளைப் பார்த்தால் கை நடுங்கும், மூச்சு முட்டும். தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். கண்பட்டிருக்கிறது என்றார்கள், சுற்றிப் போட்டோம். பிள்ளையார்பட்டியில் அர்ச்சனையும் செய்தோம். காரைக்குடியில் டாக்டர் இல்லையா என்றால், இருக்கிறார். அந்த வாசலில் அவள் ஸ்கூட்டி நின்றால் சாயங்காலத்துக்குள் திண்ணை திண்ணையாகப் பேச்சு போய்விடும். அதற்குப் பயந்தே மூன்று மாதம் ஓடியது.

கடைசியில் சென்னையில் இருக்கும் ஓர் உளவியலாளரிடம் வீடியோ காலில் பேச ஏற்பாடானது. சனிக்கிழமை நாலு மணி, முக்கால் மணி நேரம். முதல் நாள் அவள் அம்மாவும் கூட இருந்தார். வீட்டு விலாசம், பக்கத்து ஆஸ்பத்திரி, அவசரம் என்றால் யாரை அழைப்பது, எல்லாம் குறித்துக்கொண்ட பிறகு, "இனி நானும் அவளும் மட்டும் பேசுகிறோம்" என்றார் அந்த உளவியலாளர்.

தனியாகப் பேச இடம்? எங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று கதவுக்குக் குறைவில்லை, ஒரு பிள்ளை அழத்தான் இடமில்லை. வளவில் தும்மினால் அடுப்படியில் நூறு என்பார்கள். அப்போது என் ஆத்தா எழுந்தார். உள்ளறையைத் திறந்து பேத்தியை அனுப்பிவிட்டு, ஒரு தட்டு முருங்கைக்கீரையோடு வாசலில் உட்கார்ந்துகொண்டார். யார் வந்தாலும் ஒரே பதில்: "பிள்ளைக்குக் கிளாஸ் நடக்குது, அங்கிட்டுப் போங்க."

அந்தக் காட்சியை இன்னொரு தரம் சொல்லவிடுங்கள். உள்ளே ஆத்தங்குடிக் கல் தரையில் கதவில் முதுகு சாய்த்துப் பேத்தி. வெளியே அதே கதவில் முதுகு சாய்த்து அப்பத்தா. நடுவில் பர்மா தேக்கு. உள்ளே விசும்பல் கேட்டால் வெளியே கீரை உருவுகிற கை நின்றுவிடும். வாரா வாரம் இப்படித்தான்.

செல்லில் என்ன செய்துவிட முடியும் என்றும் எதிரணி அண்ணன் கேட்டார். "பரீட்சையில் தோற்றால் எல்லாம் முடிந்தது" என்று அவள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் அந்த உளவியலாளர். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம், இரண்டையும் பக்கத்தில் எழுதச் சொன்னார். மூச்சுப் பயிற்சி கொடுத்தார். இது சிந்தனை-நடத்தை சிகிச்சை. பிள்ளைகளின் லேசான மனச்சோர்வுக்கு இதை இணையவழியில் தரலாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2019இல் பரிந்துரைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு 2010இலேயே சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் பஸ் வந்தது. பஸ்ஸுக்குள் ஒரு திரை, திரையில் சென்னை டாக்டர், மருந்தும் அதே பஸ்ஸில்.

உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுராத்திரியில் ஒரு பிள்ளை தனியாகத் தவிக்கும்போது? எல்லாரும் போனை எடுங்கள். 14416. அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இப்போதே பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

என் அண்ணன் மகள் பரீட்சை எழுதினாள், இப்போது கல்லூரியில் இருக்கிறாள். நான் சொல்ல வந்தது அதற்கு முன் நடந்தது. ஏழாவது சனிக்கிழமையோ என்னவோ, அவள் கதவைத் திறந்து வந்தபோது என் ஆத்தா கேட்டார்: "அந்தப் பொண்ணு எங்கூடவும் ஒரு நாள் பேசுமா?"

"என்ன பேசப் போறீக ஆத்தா?" என்றேன்.

"அப்பச்சி கப்பலேறின அன்னைக்கு, என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலைடா."

அடுத்த வாரம் உள்ளறைக்குள் ஆத்தா போனார். கீரைத் தட்டோடு வாசலில் பேத்தி உட்கார்ந்திருந்தாள். வணக்கம்.