பில் பாக்கி வசூலுக்கு மூன்று இணையதளங்கள்

வணக்கம். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. இதில் கைகொடுக்கிற மூன்று அரசு இணையதளங்களைச் சொல்கிறேன்.

புதிய பார்ட்டி கடனுக்கு ஆர்டர் கொடுக்கிறாரா? முதலில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்குங்கள். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான். ஜிஎஸ்டி டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில், 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்ற இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், லாகின் வேண்டாம். பதிவு 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா, பில் போடச் சொன்ன பெயர்தான் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபைலிங் டேபிள்' என்பதைத் திறந்தால், ரிட்டர்ன் போட்ட தேதிகள் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர்களும் உண்டு, அதனால் ஓரிரு மாத இடைவெளியைக் கண்டு பயப்பட வேண்டாம். அரை வருடமாக எதுவும் போடாதவருக்குக் கடன் சரக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) அரசுப் பதிவு. 'உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் விளம்பரங்களும் வரும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஒரு பைசா கட்டணம் இல்லை. ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். ஆதாரிலும் பானிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் பதிவு பாதியிலேயே நின்றுவிடும்.

பலர் சறுக்குவது என்ஐசி குறியீட்டில், அதாவது நீங்கள் செய்வது என்ன தொழில் என்பதைக் காட்டும் எண்ணில். தயாரிப்புத் தொழில்கள் 10 முதல் 33 வரையுள்ள பிரிவுகளில் வரும், வியாபாரம் 45 முதல் 47 வரை. சொந்தமாகத் தையல் யூனிட் வைத்து ஆடை தைக்கிறவருக்கு 14-ஆம் பிரிவு. அவர் அவசரத்தில் 46-ஐத் தேர்ந்தெடுத்தால் மொத்த வியாபாரி ஆகிவிடுவார். வியாபாரிகளுக்கு உத்யம் பதிவால் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான். பாக்கி வசூலுக்கான சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இந்தப் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால், எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது அந்த ஆட்சேபத்தைத்தான்.

மூன்றாவது, பாக்கி பற்றி அரசிடம் மனு போடும் தளம். முதலில் எம்எஸ்எம்இ சமாதான் தளம் இருந்தது, 2025-இல் இதற்கென 'எம்எஸ்எம்இ ஓடிஆர்' என்ற புதிய தளம் வந்தது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்த உரிமை, நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடையாது.

உத்யம் எண், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் மூன்றும் இருந்தால் மனு போடலாம். இவற்றோடு டெலிவரி சலானும் முக்கியம். வாங்கியவர் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'சரக்கு தரமில்லை' என்று ஆறு மாதம் கழித்துச் சொல்வது பழைய தந்திரம். டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தேதி இல்லாத சலானை வைத்துக்கொண்டு அந்த 15 நாளை எப்படிக் கணக்கிடுவது?

மனு உங்கள் வட்டாரத்து வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு அது. முதலில் சமரசப் பேச்சு நடக்கும், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. சட்டம் சொல்வது 90 நாள், நடைமுறையில் கூடுதலாக இழுக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். கவுன்சில் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பலர் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவது இதனால்தான்.